உயில் இல்லாமல் அப்பா காலமானால் வீடு, நிலம், வங்கிப் பணம், நகை யாருக்கு, எவ்வளவு?

சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய தந்தை, சென்ற ஐப்பசியில் உயில் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். தாயார், அண்ணன், கணவரை இழந்த, குழந்தைகள் இல்லாத அக்கா, கேள்வி கேட்கும் சகோதரி என நால்வர் இருக்கிறார்கள். தந்தையைப் பெற்ற பாட்டி 86 வயதில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். அத்தை ஒருவரும் உண்டு. தந்தை விட்டுச்சென்றவை: 1998இல் தம் சம்பளத்தில் வாங்கிய 1,800 சதுர அடி மனையும் அதில் கட்டிய வீடும், 1986இல் தாத்தாவும் இரு மகன்களும் செய்துகொண்ட பாகப்பிரிவினையில் வந்த இரண்டு ஏக்கர் நஞ்சை, அண்ணனை நாமினியாகக் காட்டிய 9 லட்ச ரூபாய் வைப்புத்தொகை, தாயாரை நாமினியாகக் காட்டிய எல்ஐசி பாலிசி, லாக்கரில் நகைகள், ஒரு ஸ்கூட்டர், கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பயிர்க்கடன். "நாமினி நான்தான், உங்கள் இருவருக்கும் கல்யாணத்தில் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, வயதான பாட்டியை இதில் இழுக்க வேண்டாம்" என்கிறாராம் அண்ணன். சண்டைக்குப் போக விருப்பமில்லை, சட்டப்படி யாருக்கு எது என்று தெரிந்தால் போதும் என்கிறார் சகோதரி.

தஞ்சை மாவட்ட உரிமையியல் நீதிமன்றங்களில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாகப்பிரிவினை வழக்குகளை நடத்திவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் சொன்ன மூன்றுமே சட்டப்படி நிற்காதவை. அவற்றுள் உங்கள் குடும்பத்துக்குப் பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவரக்கூடியது, கேட்பதற்குக் கரிசனம் போலத் தெரிகிற அந்த மூன்றாவது வார்த்தைதான்.

உங்கள் அப்பாவின் மூச்சு நின்ற அந்த நேரத்திலேயே சொத்துகள் கைமாறிவிட்டன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் யாரை எந்த விகிதத்தில் வாரிசு என்று சொல்கிறதோ, அவர்கள் அந்த நொடியே உரிமையாளர்கள் ஆகிவிட்டார்கள். யாரும் மனுப்போட்டோ கையெழுத்திட்டோ அந்த உரிமையைப் பெற வேண்டியதில்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் இறந்தவருக்கு இன்னின்னார் உறவு என்று வருவாய்த் துறை விசாரித்து எழுதிக் கொடுக்கும் தாள். அது பங்கைத் தீர்மானிப்பதும் இல்லை, விடுபட்டவருடைய உரிமையை அழிப்பதும் இல்லை. பட்டாவும் அப்படியே. அண்ணன் பெயருக்கு மட்டும் பட்டா மாறினாலும் நிலம் அவருக்கு மட்டும் உரியதாகிவிடாது. எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு, சொத்து தங்களுக்கு முடிந்துவிட்டதாக நம்பிப் பல ஆண்டுகள் இருந்துவிடுகின்றன.

முதலில் வீடு. அது உங்கள் அப்பாவின் சுயார்ஜிதம், அதாவது தாமே சம்பாதித்த சொத்து. இந்து ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால், அவருடைய சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும் என்கின்றன சட்டத்தின் 8, 10ஆம் பிரிவுகள். மனைவிக்கு ஒரு பங்கு, உயிரோடிருக்கும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் ஒவ்வொரு பங்கு, இறந்தவரைப் பெற்ற தாய்க்கும் ஒரு பங்கு. இறந்தவரின் தந்தை முதல் வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். ஆகவே அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள், பாட்டி என ஐந்து பங்கு. 1,800 சதுர அடியில் ஆளுக்கு 360 சதுர அடி. மகள் மணமானவரா, எந்த ஊரில் வாழ்கிறார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசுகள் பிரித்துக் கேட்க முடியாது என்றிருந்த 23ஆம் பிரிவும் 2005இல் நீக்கப்பட்டுவிட்டது.

பாட்டியை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பாருங்கள். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு இன்றே அவருடையது. அவரும் உயில் எழுதாமல் காலமானால், அந்தப் பங்கு உங்களிடம் தானாகத் திரும்பி வராது; 15ஆம் பிரிவின்படி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். சித்தப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம், முன்னரே இறந்துவிட்ட உங்கள் அப்பாவின் கிளைக்கு ஒரு பாகம். அதாவது, சித்தப்பாவும் அத்தையும் உங்கள் வீட்டில் பதினைந்தில் ஒரு பங்குக்கு, தலைக்கு 120 சதுர அடிக்கு, உரிமையாளர்கள் ஆவார்கள். அப்பாவின் கிளைக்கு வரும் 120 சதுர அடியும் உங்கள் மூவருக்கு மட்டுமே. முன்னரே இறந்த மகனின் மனைவிக்கு மாமியார் சொத்தில் அந்த இடத்தில் பங்கு இல்லை என்பதால் உங்கள் அம்மாவுக்கு அதில் ஒன்றும் வராது. அத்தை இறந்துபோனால் அவருடைய 120 சதுர அடி அவர் பிள்ளைகளுக்கும், கணவர் இருந்தால் அவருக்கும் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பம் வீட்டை விற்க முன்பணமே வாங்கிவிட்டிருந்தது. வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் இரண்டு இறப்புச் சான்றிதழ்களை மேசைமேல் அருகருகே வைத்துத் தேதியை மட்டும் காட்டினார். மகன் இறந்தது பங்குனியில். தாய் இறந்தது அதே ஆண்டு ஆவணியில். அந்த ஐந்து மாத இடைவெளியில் அந்த மூதாட்டி அந்த வீட்டின் உரிமையாளர்களில் ஒருவராக இருந்திருக்கிறார் என்பது அவர் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய மூன்று மகள்கள், அவர்களில் இறந்துபோன ஒருவரின் பிள்ளைகள், துபாயில் இருந்த ஒரு பேரன் என்று எல்லாருடைய கையெழுத்தையும் பெறுவதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. வாங்க வந்தவரும் முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார். அந்தத் தாய் உயிரோடு இருந்த ஐந்து மாதத்தில் ஒருவர் அவரிடம் போய் உட்கார்ந்து பேசியிருந்தால், ஒரு பத்திரத்தில் முடிந்திருக்கும்.

உங்கள் பாட்டி சுயநினைவோடு இருக்கிறார் என்றால் இப்போதே அவரைப் போய்ப் பாருங்கள். அவர் தம் பங்கை வைத்துக்கொள்ளலாம், உங்கள் அம்மாவுக்கோ உங்கள் நால்வருக்குமோ விடுதலைப் பத்திரமாகவோ தான செட்டில்மெண்டாகவோ எழுதித் தரலாம், சித்தப்பாவுக்கும் தரலாம். அது அவருடைய விருப்பம். பத்திரத்தை அவருக்கு முழுவதும் படித்துக்காட்டாமல் கைநாட்டு வாங்குவது பாவம் என்பதோடு, பின்னாளில் பத்திரத்தையே செல்லாமல் ஆக்கும் வழியும் ஆகும். அவரைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அந்தத் தானத்தை ரத்து செய்யக் கோரும் உரிமை அவருக்குக் கிடைக்கும்.

இனி நஞ்சை. இங்கே கணக்கு முற்றிலும் மாறுகிறது. எது எப்படி மாறும் என்பது 1986ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு நாமெல்லாரும் கூட்டாய் அனுபவித்துவருகிற" என்ற பாணியில் வாசகம் இருந்தால், அது கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து. அதில் உங்கள் அப்பாவுக்கு வந்த பாகம், அவர் பிள்ளைகளான உங்களைப் பொறுத்தவரை பூர்வீகத் தன்மையோடே தொடரும். தாத்தா தாமே கிரையம் வாங்கிய நிலத்தைப் பகிர்ந்து கொடுத்தார் என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது அப்பாவின் தனிச்சொத்தாகக் கொள்ளப்பட்டு, வீட்டைப் போலவே ஐந்து பங்காகும். ஏக்கருக்கு 100 சென்ட் என்ற கணக்கில் ஆளுக்கு 40 சென்ட்.

பூர்வீகச் சொத்து என்றால், 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பங்காளி. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமே மகள்களுக்கு இந்த உரிமையைத் தந்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகள்களை அது வெளியே நிறுத்தியது. மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. தந்தை 2005 செப்டம்பர் 9 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது, வேண்டியதில்லை. ஆகவே அப்பா இறப்பதற்குச் சற்று முன் பாகம் பிரித்ததாக வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். அப்பா, அண்ணன், அக்கா, நீங்கள் என நால்வருக்கும் 50 சென்ட் வீதம். தமிழ்நாட்டில் இப்படிப் பிரிக்கும்போது மனைவிக்குத் தனிப்பங்கு வைப்பதில்லை. பிறகு, அப்பாவின் 50 சென்ட் மட்டும் ஐந்து வாரிசுகளுக்கும் 10 சென்ட் வீதம் இறங்கும். முடிவில் பிள்ளைகள் மூவருக்கும் தலைக்கு 60 சென்ட். அம்மாவுக்கு 10, பாட்டிக்கு 10.

இந்த இடத்தில் எப்போதும் என் மனம் சங்கடப்படும். மகளுக்கு நியாயம் செய்த அதே கணக்கில், அந்த நிலத்தில் நாற்று நட்ட, களை எடுத்த, ஆள்களுக்குச் சோறு கொண்டுபோன மனைவிக்கு 200 சென்டில் 10 சென்ட்தான் மிஞ்சுகிறது. சட்டம் அப்படி இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து, அம்மாவின் ஆயுள்காலம்வரை குத்தகை வருமானம் அவருக்கே என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நான் எழுதிய பத்திரங்கள் பலவற்றில் அந்தப் பத்தியைச் சேர்த்திருக்கிறேன்.

"தாத்தா சொத்து பேரனுக்கு" என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். வீட்டில் அண்ணனுக்கு வரும் ஐந்தில் ஒரு பங்கு 8ஆம் பிரிவின்படி வந்தது. அது அவருடைய தனிச்சொத்து, அவர் மகனுக்கு அதில் பிறப்புரிமை இல்லை என்பது 1986இலேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான சங்கதி.

கல்யாணத்தில் செய்த சீரைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், மகளுக்குப் போட்ட நகையையும் மண்டபச் செலவையும் அவள் பங்கில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு எங்கேயும் இல்லை. மகனின் கல்லூரிப் படிப்புக்குச் செய்த செலவை அவர் பங்கில் கழிக்காதது போலத்தான் இதுவும். "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று நீங்கள் வாய்மொழியாகச் சொன்னாலும், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் வீட்டிலும் நிலத்திலும் உங்கள் பங்கு உங்களை விட்டுப் போகாது. அதற்குப் பதிவுசெய்த பத்திரம் வேண்டும். அண்ணன்மேல் உள்ள பாசத்தால் விட்டுக்கொடுக்க நினைத்தால், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எவ்வளவு, எதன் மதிப்பு என்ன என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். தெரியாமல் கொடுத்த கையெழுத்துகள்தாம் பத்து ஆண்டு கழித்துக் கசப்போடு என் அலுவலகத்துக்கு வந்துசேர்கின்றன.

நாமினி என்றால் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ள அதிகாரம் பெற்றவர். அண்ணனிடம் 9 லட்சத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஐந்து பேருக்கும் 1,80,000 ரூபாய் வீதம் பகிர்ந்து தரும் பொறுப்பு அவர் தலையில் ஏறுகிறது. காப்பீட்டுப் பாலிசியைப் பற்றி இதையே 1983இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறுவனப் பங்குகளுக்கும் நாமினி உரிமையாளர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பரில் சொன்னது. காப்பீட்டுக்கு மட்டும் 2015இல் சட்டம் திருத்தப்பட்டு, மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் அந்தப் பயன் அவர்களுக்கே உரியது என்று 39ஆம் பிரிவில் சேர்த்தார்கள். உங்கள் அம்மா நாமினி என்பதால் எல்ஐசி பணம் அவருக்கே என்று வாதிட நல்ல அடிப்படை இருக்கிறது; உயர் நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், பிள்ளைகள் அதில் கைவைக்காமல் விட்டுவிடுவதே சரி என்பது என் எண்ணம். அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அப்பா விட்டுச்சென்ற சொத்தே அல்ல. அதில் யாருக்கும் பங்கு இல்லை.

லாக்கரைத் திறக்கும் நாளில் எல்லாரும் இருங்கள். ஒவ்வொன்றாக எடையோடு பட்டியல் எழுதி, எல்லாரும் கையெழுத்திடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அப்பாவுடையது என்று எண்ணிவிட வேண்டாம். அம்மாவுக்குத் தாய்வீட்டில் போட்டதும், திருமணத்தின்போதும் பிறகும் அவருக்கென்று வந்ததும் சீதனம். லாக்கர் அப்பா பெயரில் இருந்தாலும் அந்த நகைகள் அம்மாவின் தனிச்சொத்து. அப்பாவின் மோதிரம், சங்கிலி, ஸ்கூட்டர், வீட்டுச் சாமான்கள்தாம் ஐந்து பங்கில் வருபவை. நான் பார்த்தவரை, ஏக்கர் கணக்கில் சுமுகமாகப் பிரித்துக்கொண்ட குடும்பங்கள்கூட அப்பாவின் கைக்கடிகாரத்திலும் பூஜையறைக் குத்துவிளக்கிலும் முறித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை யார் வைத்துக்கொள்வது என்று பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே பேசிவிடுங்கள்.

பயிர்க்கடன் பிரிவினைக்கு முன்னால் அடைக்கப்பட வேண்டியது. வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் அப்பாவின் கடனுக்குப் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கேட்க யாருக்கும் உரிமை இல்லை. வாரிசு என்பதற்காக இந்தியாவில் தனி வரியும் இன்று கிடையாது. எஸ்டேட் டியூட்டி 1985இலேயே ஒழிக்கப்பட்டது.

உங்கள் அக்காவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தையில்லாத இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால், பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆனால் அவர் தாமே உழைத்துச் சேர்த்தது, கணவர் இல்லாத நிலையில், கணவரின் வாரிசுகளுக்குப் போகும். 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், மணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, தாய்வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம், அவரைப் பெற்ற தாய் உரிமை கோரியும், கணவருடைய சகோதரியின் மகன்களுக்குப் போனது. நீதிபதிகளே இது வேதனையான வழக்கு என்பதை உணர்ந்தும், சட்டத்தின் எழுத்து அதுதான் என்று தீர்ப்பளித்தார்கள். இந்தப் பிரிவு பெண்ணுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அக்காவைத் தம் சொந்தச் சேமிப்புக்கு இந்த மாதமே உயில் எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அவர் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும்.

இதைப் படிக்கும் பிற மதத்தவர்கள் இந்தப் பங்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் மூவருக்கும் சமமாக. பிள்ளைகள் இருப்பதால் பாட்டிக்கு ஒன்றும் இல்லை. முஸ்லிம் குடும்பமாக இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு என்றால் மகள்களுக்கு ஒவ்வொன்று. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை என்பதே அங்கு இல்லை.

நடைமுறைக்கு வருவோம். வாரிசுச் சான்றிதழுக்கு அண்ணன் இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்திருந்தால், அதன் ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதில் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை முடிவதற்குள் வட்டாட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சான்றிதழ் கொடுக்கப்பட்டுவிட்டால் திருத்தக் கோரியும், மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடாகவும் போகலாம். வைப்புத்தொகைக்கு நாமினி இருப்பதால் நீதிமன்றத்தின் இறங்குரிமைச் சான்றிதழ் தேவைப்படாது. அப்பாவுக்கு வேறு பழைய கணக்குகள் இருந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், பத்து ஆண்டுகளுக்குமேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் தளத்தில் பாருங்கள். வீட்டுக்கும் நிலத்துக்கும் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, ஐவரும் சேர்ந்து ஒரே பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவுசெய்யுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. அதன் பிறகே பட்டா மாற்றமும் உட்பிரிவும். யாராவது தம் பங்கை வெளியாருக்கு விற்க நினைத்தால், மற்ற முதல் வகுப்பு வாரிசுகள் அதை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை 22ஆம் பிரிவில் இருக்கிறது என்பதை அண்ணனுக்கும் சொல்லுங்கள்.

1986ஆம் ஆண்டுப் பத்திரம் வீட்டில் கிடைக்கவில்லை என்றால், அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு மனுக்கொடுங்கள். அதன் முதல் பக்கத்தைப் படித்த பிறகுதான் உங்கள் பங்கு 40 சென்டா, 60 சென்டா என்று என்னாலோ வேறு யாராலோ உறுதியாகச் சொல்ல முடியும்.